சுவருக்கு அங்காலை வாழ்ந்தவரிடம் கதை கேட்டு எழுதுவது எப்படி

"கம்யூனிசத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எங்கள் எதிர்வீட்டு அம்மாவிடம் நான் முதன்முதல் கேட்டது அதைத்தான். அவர் கிழக்கு ஜேர்மனியில், அப்போது கார்ல் மார்க்ஸ் ஸ்ராட் என்றும் இப்போது கெம்னிற்ஸ் என்றும் சொல்லப்படுகிற நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். 1984இல் கணவரோடும் மகனோடும் மேற்கு பேர்லினுக்கு வந்தவர். என் கேள்விக்கு அவர் மூன்று நிமிஷத்தில் பதில் சொல்லி முடித்தார். எல்லாருக்கும் வேலை இருந்தது, வீட்டு வாடகை குறைவு, வாய் திறக்க முடியாது, வெளியே போக முடியாது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கிற பதில்.

சில மாதம் கழித்து ஒரு நாள் மாடிப்படியில் அவருடைய கைப்பைக்குள் இருந்து பூப்போட்ட நைலோன் பை ஒன்று, நாலாக மடித்தபடி, கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். "இது எப்பவும் என்னோடு இருக்க வேணும். கடைக்கு என்ன வந்திருக்கும் என்று முன்கூட்டித் தெரியாதே" என்றார். அந்தத் துணிக்குத் தெடெரோன் என்று பெயர். டே டே எர் (DDR) என்ற அந்த நாட்டுப் பெயரின் முதல் எழுத்துகளிலிருந்தே உண்டாக்கிய பெயர். அவர் ஊரை விட்டு வந்து எத்தனையோ வருஷம், கடைகள் நிறைந்த நகரத்தில் இருக்கிறார், ஆனால் பையை வைக்காமல் வெளியே போகிறதில்லை. அன்றைக்குப் படியிலேயே நின்று ஒரு மணித்தியாலம் கதைத்தோம். கேட்கிற முறை எனக்குப் பிடிபட்டது அந்தப் பையால்தான்.

இதை யாருக்காக எழுதுகிறேன் என்றால், ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்காக. உங்களில் பலருடைய மாமனார் மாமியார், பக்கத்து வீட்டுக்காரர், வேலையிடத்து மூத்தவர்கள் அந்தப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள். அவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. எனக்கும் அந்த நாட்டோடு ஒரு தொடுப்பு உண்டு. 1985இல் நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்டு, மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில்தான் இறங்கினேன். அங்கிருந்து ஃபிரீட்ரிஷ் ஸ்ராஸ நிலையம், பிறகு நகர ரயில், பிறகு மேற்கு. மேற்குப் பக்கத்தார் இரண்டு பேர்லினுக்கும் நடுவே இருந்த பிரிவை நாட்டின் எல்லையாக ஏற்றுக்கொள்ளாததால் அங்கே எங்களைத் தடுத்து நிறுத்த ஆள் இல்லை. 1986 ஒக்டோபரோடு அந்த வழி அடைபட்டது. அந்த அம்மா வெளியேறின அதே நிலையத்தால் ஒரு வருஷம் பிந்தி நானும் வந்திருக்கிறேன்.

முதலில் அனுமதி

ஒலிப்பதிவு செய்யப் போகிறேன் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். யாருக்குக் காட்டுவீர்கள், பெயர் போடுவீர்களா, எழுதி முடித்த பிறகு அவர் வாசித்து வெட்டலாமா என்ற மூன்றையும் வாயால் சொல்லி, ஒரு கடுதாசியிலும் எழுதிக் கொடுங்கள். அந்த நாட்டில் வாழ்ந்த ஒருவருக்கு, தான் சொன்னதை இன்னொருவர் எழுதி வைப்பது சாதாரண விஷயம் அல்ல. அங்கே சனத்தை வேவு பார்த்த ஸ்ராஸி என்ற அரச பாதுகாப்பு அமைச்சில் கடைசி வருஷத்தில் 91,000 பேர் முழுநேரமாக வேலை செய்தார்கள். அவர்களுக்குத் தகவல் கொடுத்தவர்கள் ஏறக்குறைய 189,000 பேர். பதிவுக் கருவியை மேசையில் வைத்தவுடன் எங்கள் எதிர்வீட்டு அம்மாவின் குரல் மாறிவிட்டது. நான் நிறுத்தினேன். முதல் இரண்டு சந்திப்பும் கொப்பியில் பென்சிலால் எழுதினேன், அவர் பார்க்கத்தக்கதாகக் கொப்பியைத் திறந்து வைத்தபடி. மூன்றாவது நாள் "இப்ப அதைப் போடலாம்" என்று அவரே சொன்னார்.

நேரம் காலை, சாப்பிட்டுக் கொஞ்சம் கழித்து. ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகவேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இரைகிற குசினி வேண்டாம். கைத்தொலைபேசியை ஒரு துவாயின் மேல் வைத்தால் மேசை அதிர்வது பதிவாகாது. கருவியைப் பற்றி இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை.

பொருளைக் கேளுங்கள்

கருத்தைக் கேட்டால் கருத்துத்தான் வரும். பொருளைக் கேட்டால் வீடு வரும், ஆட்கள் வருவார்கள், பயமும் சந்தோஷமும் தாமாகவே பின்னால் வரும்.

நான் கோப்பியைக் கேட்டேன். அவர் சொன்ன விலைகள் எல்லாம் மனப்பாடம். சின்னப் பாண் ஒன்று 5 பெனிக். ட்ராமுக்கு 20 பெனிக். அதெல்லாம் அரசு விலை, வருஷக் கணக்காக மாறாதது. ஆனால் 125 கிராம் கோப்பித்தூள் 8 மார்க் 75 பெனிக். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தச் சின்னப் பக்கெற்றுக்கு 175 பாண் வாங்கலாம். அப்படியும் சனம் கோப்பியை விடவில்லை. 1975இல் பிரேசிலில் பனி விழுந்து கோப்பிச் செடிகள் கருகின. உலகம் முழுக்க விலை ஏறியது. வெளிநாட்டுக் காசு இல்லாத அரசு 1977இல் பாதிக் கோப்பியும் மீதி வறுத்த தானியமும் பட்டாணியுமாக ஒரு கலவைத் தூளைக் கடைக்கு விட்டது. சாப்பாட்டுச் சாலைகளில் இருந்த கோப்பி இயந்திரங்கள் அந்தத் தூளால் அடைத்துக்கொண்டன. சனம் அதற்கு நாட்டின் தலைவர் எரிஷ் ஹோனெக்கரின் பெயரை வைத்து "எரிஷ்ஸ் க்ரோனுங்" என்று பட்டம் சூட்டியது. க்ரோனுங் என்றால் முடிசூட்டு. மேற்கில் பேர்போன ஒரு கோப்பியின் பெயரைக் கேலியாக மாற்றிப் போட்டது அது.

இதையெல்லாம் புத்தகத்திலும் எடுக்கலாம். புத்தகத்தில் இல்லாதது இது: அந்த வருஷம் அவருடைய மகன் முதலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் தொடங்குகிற நாளில் பிள்ளைக்கு இனிப்பு நிறைந்த கூம்புப் பை கொடுப்பது அங்கே வழக்கம். வீட்டுக்கு வந்த சொந்தக்காரருக்கு நல்ல கோப்பி ஊற்ற முடியாமல், மேற்கு பேர்லினில் இருந்த நாத்தனார் அனுப்பின பார்சலில் ஒளித்து வைத்திருந்த கடைசிப் பக்கெற்றை உடைத்திருக்கிறார். அந்த வாசத்தைப் பற்றி அவர் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டார். பார்சலைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அதன் மேலே "அன்பளிப்பு, வியாபாரப் பொருள் அல்ல" என்று எழுத வேண்டும் என்பது விதி. திறந்தவுடன் கோப்பி, சவர்க்காரம், சொக்கலேற் மூன்றும் கலந்து ஒரு மணம். அந்தப் பெட்டியையும் எறியாமல் அலுமாரியில் உடுப்புகளுக்கு நடுவே வைப்பார்களாம். அங்கிருந்து அவர்கள் மேற்குக்கு என்ன அனுப்பினார்கள் என்பதையும் கேட்க மறக்கவேண்டாம். நத்தாருக்கு ஸ்ரொலன் கேக் சுட்டு அனுப்பியிருக்கிறார். தான் வாங்குகிற ஆள் மட்டும் அல்ல என்பதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடை வரிசையைப் பற்றிக் கேட்டால் "பூக்வார" என்ற சொல் வரும். குனிந்து எடுக்கிற சாமான் என்று அர்த்தம். கடைக்காரர் தெரிந்தவருக்கென்று மேசைக்குக் கீழே வைத்திருப்பது. எழுபதுகளில் யாழ்ப்பாணத்துச் சங்கக்கடையில் சீனிக்கும் பாணுக்கும் விடியற்காலை வரிசையில் நின்ற எங்கள் பெற்றோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்று: "எங்களுக்கும் இப்படித்தான்" என்று அந்த இடத்தில் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். அவர் உடனே மரியாதைக்காகத் தன் கதையை நிறுத்திவிட்டு என் கதையைக் கேட்கத் தொடங்கினார். அந்த நாள் அவருடைய கதை அதோடு போய்விட்டது.

இன்னும் சில பொருள்கள்: வீட்டுத் திறப்பு, வீட்டுப் பதிவேடு, ரெலிவிஷன், கார். பதிவேட்டை அவர்கள் ஹவுஸ்பூஹ் என்பார்கள். மாடிக் கட்டடத்தில் ஒருவர் அதை வைத்திருப்பார், தங்க வருகிற விருந்தாளியின் பெயர் அதில் ஏறவேண்டும். அதை யார் வைத்திருந்தார், அவரோடு எப்படிப் பழகினீர்கள் என்று கேளுங்கள். ரெலிவிஷனில் மேற்கு அலைவரிசை பார்த்தார்களா, பிள்ளைக்கு அதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பேசாதே என்று எந்த வயதில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். எங்கள் அம்மா மகனுக்கு ஐந்து வயதில் சொல்லியிருக்கிறார். "பொய் சொல்லாதே என்று சொன்ன அதே வாயால் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுக் கன நேரம் பேசாமல் இருந்தார். அப்படிப்பட்ட மௌனத்தை நிரப்ப வேண்டாம். கோப்பியைக் குடியுங்கள், காத்திருங்கள்.

ட்ரபன்ட் காருக்குப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்த கதையை எல்லாருமே சொல்வார்கள். சொல்லட்டும். அது தீர்ந்த பிறகுதான் வேறு வரும்.

நல்லதைச் சொல்ல இடம் விடுங்கள்

இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். வெளியேறி வந்தவர் என்றால் அங்கே எல்லாமே இருட்டு என்றுதான் சொல்வார் என்று எதிர்பார்க்கிறோம். எங்கள் எதிர்வீட்டு அம்மா காலுறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். பிள்ளைக் காப்பகம் இருந்தது, வேலைக்குப் போவதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை, தொழிற்சங்கத்தின் மூலம் குறைந்த செலவில் ரூகன் தீவுக்கு விடுமுறை போனார்கள். மேற்குக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டுப் பெண்கள் "சின்னப் பிள்ளையை விட்டுவிட்டா வேலைக்குப் போனீர்கள்?" என்று கேட்டது அவருக்கு இன்றைக்கும் வலிக்கிறது. இதை எழுதாமல் விட்டால் நீங்கள் எழுதுவது வேறு யாருடையதோ வாழ்க்கை.

அதே அம்மாதான், நாட்டை விட்டு வெளியேற விண்ணப்பம் போட்ட பிறகு பட்ட பாட்டையும் சொன்னார். இரண்டும் ஒருவருடைய நெஞ்சுக்குள்தான் இருக்கின்றன. எது மேலோங்கியது என்று தீர்ப்புச் சொல்லும்படி அவரைக் கேட்கக் கூடாது.

வெளிக்கிட்ட கதையைக் கடதாசியோடு சேர்த்துக் கேளுங்கள்

1961 ஓகஸ்ற் 13இல் பேர்லின் சுவர் எழுந்த பிறகு அந்த நாட்டை விட்டுப் போகச் சில வழிகள்தான். உயிரைப் பணயம் வைத்து எல்லையைக் கடப்பது. சிறைக்குப் போய் மேற்கு அரசு காசு கொடுத்து மீட்பது; 1963இலிருந்து 1989 வரை 33,000க்கும் மேற்பட்ட அரசியல் கைதிகள் அப்படி விடுபட்டார்கள். ஓய்வூதிய வயதாகும் வரை இருப்பது. 1964இலிருந்து பெண்கள் 60 வயதிலும் ஆண்கள் 65 வயதிலும் மேற்கிலுள்ள உறவினரைப் பார்த்து வரலாம். இல்லையென்றால் வெளியேற விண்ணப்பம் போட்டுவிட்டு, பதிலே சொல்லாத கந்தோருக்கு வருஷக் கணக்காக அலைவது. உங்கள் ஆள் எந்த வழியால் வந்தார் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வழிக்கும் கேள்வி வேறு.

எங்கள் அம்மா குடும்பம் 1981இல் விண்ணப்பம் போட்டது. 1975இல் ஹெல்சிங்கியில் கிழக்கும் மேற்கும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் குடும்பங்கள் ஒன்று சேர்வதைப் பற்றி இருக்கிறது. கணவர் அந்தப் பகுதியை விண்ணப்பத்தில் எடுத்து எழுதினார். அவர் பொறியியலாளர். ஒரு மாதத்துக்குள் அதே வேலைத்தலத்தில் முற்றம் கூட்ட விட்டார்கள். நண்பர்கள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். விண்ணப்பம் போட்ட சிலர் கார் அன்ரெனாவில் வெள்ளை ரிபன் கட்டினார்கள், தங்களைப் போன்றவர்கள் கண்டுகொள்ளட்டும் என்று. இவர்களிடம் கார் இல்லை. வேறு ஒருவருடைய காரில் அந்த ரிபனைக் கண்ட நாள், தனியாக இல்லை என்று நினைத்து வீட்டுக்கு நடந்தே போனாராம்.

1984இல் திடீரென்று பல்லாயிரக் கணக்கானவர்களை விட்டார்கள். அவர்களுக்கும் அழைப்பு வந்தது. இங்கேதான் கடதாசிகள் உதவும். லௌஃப்செட்டெல் என்று ஒரு தாள். அதை வைத்துக்கொண்டு வங்கி, வீட்டு நிர்வாகம் என்று இடம் இடமாக ஓடி, ஒருவருக்கும் கடன் இல்லை என்று முத்திரை வாங்கவேண்டும். பிறகு குடியுரிமையில் இருந்து விடுவித்த பத்திரம். கொண்டுபோகிற சாமான்களின் பட்டியல். இவற்றை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பட்டியலில் இருப்பதை விட, பட்டியலில் எழுதிவிட்டுப் பிறகு வெட்டியதைக் கேளுங்கள். அவர் வெட்டியிருந்தது தையல் மெசின். அதைத் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

திகதிகளைத் திருத்த அவசரப்பட வேண்டாம். வெளிக்கிட்ட நாள் கோடைகாலம், ஒரே வெக்கை என்றார். பத்திரத்தில் மார்ச் மாதம். நான் அந்த நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை பத்திரத்தைக் காட்டி மெதுவாகக் கேட்டேன். யோசித்துவிட்டு, "அட, நான் இரண்டு கோட் போட்டிருந்தேன். பெட்டியில் இடம் இல்லை" என்றார். அந்த நேரமே பிழை என்று சொல்லியிருந்தால் அந்த இரண்டு கோட்டும் கிடைத்திராது. எழுதும்போது அவர் சொன்ன வெக்கையையும் எழுதினேன், பத்திரத்து மாதத்தையும் எழுதினேன்.

முடிந்தால் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஃபிரீட்ரிஷ் ஸ்ராஸவில் 1962இல் கட்டின புறப்பாட்டு மண்டபத்தைச் சனம் கண்ணீர் மாளிகை என்று சொன்னது. இப்போது அருங்காட்சியகம், நுழைவுக்குக் காசு இல்லை. ஒடுக்கமான கடவுச்சீட்டுச் சோதனைக் கூடு அப்படியே இருக்கிறது. மேற்கு பேர்லினின் மரியென்ஃபெல்டவில் 1953இல் தொடங்கிய அகதி வரவேற்பு முகாமும் நினைவிடமாக இருக்கிறது. 1990 வரை 13 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதன் வழியாக வந்தார்கள். அங்கேயும் ஒரு லௌஃப்செட்டெல். மருத்துவச் சோதனை, நேச நாடுகளின் உளவுத்துறையினர் கேட்கிற கேள்விகள் என்று அறை அறையாகப் போகவேண்டும். "அங்கேயும் தாள், இங்கேயும் தாள்" என்றார் கணவர். போவதற்கு முன் கேட்டுவிட்டுப் போங்கள். எங்கள் அம்மா மரியென்ஃபெல்டவுக்கு வந்தார், கண்ணீர் மாளிகைக்கு வரவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை.

வந்த பிறகு

மேற்கில் முதல் நாள் கடையில் கண்ட பழங்களைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். அதை எழுதிக்கொண்டு, "முதல் மாத வாடகை எவ்வளவு? முதல் தொலைபேசி அழைப்பு யாருக்கு?" என்று கேளுங்கள். எங்கள் அம்மாவின் புது வீட்டில் தொலைபேசி வந்தது. தாயின் வீட்டில் தொலைபேசி இல்லை. இந்தப் பக்கத்தில் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, எடுக்க அந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. தாய்க்கு அறுபது வயதாகும் வரை இரண்டு வருஷம் கடிதம்தான். 1986இல் தாய் ரயிலில் வந்து இறங்கியபோது, கையில் தையல் மெசினின் ஊசிப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். மெசினைக் கொண்டுவர முடியாது.

ஸ்ராஸிக் கோப்பு

தன்னைப் பற்றி எழுதப்பட்ட கோப்பைப் பார்க்கும் உரிமை 1992 ஜனவரியில் இருந்து உண்டு. 2021இலிருந்து அந்தக் கோப்புகள் ஜேர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அடையாளத்தை உறுதிப்படுத்தி விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் இல்லை, காத்திருக்க வேண்டிவரும். ஆனால் போடச் சொல்லி நீங்கள் தூண்டக் கூடாது. கோப்பில் இருப்பது வேவு பார்த்தவர்கள் எழுதியது. அதில் நெருங்கின ஒருவருடைய கை இருக்கலாம். கணவர் போய் வாசித்தார். வந்து ஒரு பெயரை மட்டும் மனைவிக்குச் சொன்னார். அம்மா அந்தப் பெயரை எனக்கும் சொன்னார், எழுதவேண்டாம் என்றும் சொன்னார். எழுதவில்லை. ஒலிப்பதிவிலும் அந்த இடத்தை அவர் முன்னாலேயே அழித்தேன்.

தமிழில் எழுதும்போது

அவர் ஜேர்மன் மொழியில், அதுவும் சக்சன் பேச்சில் சொன்னதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது எங்கள் போர்க்காலச் சொற்கள் தாமாக வந்து உட்காரும். ஆமி, காவலரண், இயக்கம் எல்லாம் எங்களுடையவை. அவருடைய வாயில் அவற்றை வைக்காதீர்கள். அதற்குப் பதிலாக, எங்கள் வீட்டுப் பேச்சில் பொருந்துகிற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கத்தாரும் மற்றப் பக்கத்தைத் த்ரூபன் என்றுதான் சொன்னார்கள். அதற்கு "மறுபுறம்" என்று எழுதினேன், உயிர் வரவில்லை. ஒரு நாள் மனைவி பல்கனியில் நின்று "அங்காலை மழை பெய்யுது" என்றாள். த்ரூபன் என்றால் அங்காலைதான்.

எழுதி முடித்ததை ஜேர்மன் மொழியில் தட்டச்சுச் செய்து, பெரிய எழுத்தில் அச்செடுத்து அவரிடம் கொடுங்கள். இரண்டு கிழமை விடுங்கள். ஒரு பிரதி பிள்ளைகளுக்கு. அவர் விரும்பினால் எமெண்டிங்கன் நகரத்தில் இருக்கும் ஜேர்மன் நாட்குறிப்புக் காப்பகத்துக்கும் ஒன்று அனுப்பலாம். சாதாரண மனிதர்களுடைய நாட்குறிப்புகளையும் வாழ்க்கைக் குறிப்புகளையும் அங்கே சேர்த்து வைக்கிறார்கள்.

எங்கள் அம்மா 46 பக்கத்தையும் வாசித்து, ஒரே ஒரு சொல்லைத்தான் வெட்டினார். "தப்பி ஓடி வந்தோம்" என்று நான் எழுதியிருந்த இடத்தில் கோடு போட்டு, பக்கத்தில் நீல மையால் அவுஸ்கெரைஸ்ட் என்று எழுதியிருந்தார். நாட்டை விட்டு முறைப்படி வெளியேறினோம் என்று அர்த்தம். மூன்று வருஷம் கந்தோர் வாசலில் நின்று கேட்டு வாங்கிக்கொண்டு, பட்டப்பகலில், இரண்டு கோட்டும் போட்டுக்கொண்டு போனவர் அவர். தமிழ்ப் பிரதியில் அந்த இடத்தை "வெளிக்கிட்டு வந்தோம்" என்று மாற்றினேன். ஜேர்மன் பிரதியில் அந்தப் பக்கத்தைத் திரும்ப அடிக்கவில்லை. அவர் கோடு போட்டபடியே வைத்துக் கட்டியிருக்கிறேன்.